நீங்கள் சொன்ன ஏழு வாக்கியங்கள்

எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கின் சந்தையில் சனிக்கிழமைகளில் பழைய கம்பளி உடுப்புகளைக் குவித்துப் போட்டு விற்கிறார்கள். போன வாரம் முட்டைக்கோசு வாங்கப் போனவள் அந்தக் குவியலைத் தாண்டும்போது அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. குவியலின் மேலே சாம்பல் நிறத்தில் நீளக்கைக் கார்டிகன் ஒன்று கிடந்தது. மணிக்கட்டில் மூன்று பொத்தான்கள். உங்களுடையது அல்ல, உங்களுடையவற்றை நானே மடித்துக் கட்டி, சென்ற ஆண்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். ஆனாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன். கடைக்காரப் பெண்தான் கூப்பிட்டாள். "என்னா டீச்சர், எடுக்கிறீங்களா இல்லியா? பின்னால ஆளு நிக்கிறாங்க லா."

எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்களுக்கும் இருந்ததில்லை. தோட்டத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்குப் படையல் போடும் நாட்களில், தட்டில் உங்களுக்கு வரும் வடையைத் தின்றுகொண்டே, "சாப்பிடுவது எப்போதும் உயிரோடு இருப்பவர்கள்தான்" என்பீர்கள். அப்படியானால் இதையும் நான்தான் படித்துக்கொள்ளப் போகிறேன். இருக்கட்டும்.

நான் கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது நீங்கள் இங்கே பத்து வருடம் பழகியவர். கம்யூனிஸ்ட் கலகக் காலத்தில், காட்டோர மக்களை வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களுக்கென்று லண்டனிலிருந்து வந்த நர்ஸ்களில் ஒருவர், கலகம் அடங்கியதும் ஊர் திரும்பாமல் மலையேறிவிட்டார் என்று என் கணவர் சொன்னார். அவர் தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்ப்பவர். யாரைப் பற்றியும் அதற்கு மேல் சொல்ல மாட்டார். நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டுப் பக்கத்து ஊரான தானா ராத்தாவின் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். நீங்கள் இரும்புத் தகரக் கூரை போட்ட தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆளாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிப் பெண்கள் உங்களை மிஸ்ஸி என்றார்கள். நர்ஸ்கள் எல்லாருமே இங்கே மிஸ்ஸிதான். நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். இருவருமே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை.

உங்கள் தமிழ் பிரசவ அறைத் தமிழ். "மூச்சு விடு. முக்கு. நிப்பாட்டு. பயம் வேணாம்லா." அதற்கு வெளியே உங்களுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுக்கு வந்து, கட்டிச் சர்க்கரையைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு பால் இல்லாத தேநீரை அதன் வழியே உறிஞ்சுவீர்கள். நாம் புத்தகங்கள் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். உங்கள் ஆங்கிலம் இங்கிலாந்து ஆங்கிலம் இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது. ஒரு முறை எந்த நாடு என்று கேட்டேன். "நாடு இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள்தான் அங்கே இல்லை" என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதை நான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

உங்கள் சட்டைக்கை எப்போதும் மணிக்கட்டுவரை பொத்தானிட்டிருக்கும். பிரசவம் பார்க்கும்போது அதன் மேல் முழங்கைவரை வரும் துணி உறையை மாட்டிக்கொள்வீர்கள், நீங்களே தைத்தது. இந்தக் குளிரில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கீழே வெயிலூரில் எந்நேரமும் நீளக்கை போடுகிறவளிடம் எல்லாரும் காரணம் கேட்பார்கள் என்றும், இந்த மலையைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான் என்றும் பின்னாளில் சொன்னீர்கள்.

நான் வந்த பத்தாம் வருடம், லயத்தில் இருந்து கொழுந்து பறித்த மாரியாயி அக்காவின் மருமகளுக்கு வலி கண்டது ஒரு நடுப்பகலில், விடாத மழையில். ஆஸ்பத்திரிக்கு வரும் பாதை சரிந்துவிட்டது. நீங்கள் சேற்றில் நடந்து லயத்துக்குப் போனீர்கள். உறை, சட்டைக்கை எல்லாம் சேறு. குழந்தை கழுத்தில் கொடி சுற்றி நீலமாக வெளியே வந்தது. யோசிக்க நேரமில்லை, கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அந்தச் சின்ன வாயில் வாய் வைத்து ஊதி, தட்டி, மறுபடி ஊதி அழ வைத்தீர்கள். பிறகு கை கழுவ மாரியாயி அக்கா தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் உங்கள் இடது முன்கையில் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தார். நான்கு எண்கள்.

அக்காவின் கையிலும் பச்சை உண்டு. புள்ளிக் கோலம் ஒன்று, கீழே அவருடைய அம்மாவின் பெயர். பச்சை என்றால் ஆசையாக, ஒரு சாமிக்கோ உறவுக்கோ குத்திக்கொள்வது. அவருக்குத் தெரிந்தது அதுதான். செத்துப் பிறந்த பேரனை உயிராக்கிய கையில் நான்கு எண்கள் இருந்தால், இந்த நாட்டில், இந்த மலையில், அதற்கு என்ன அர்த்தம்? விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணை எழுதிக்கொண்டு நான்கு எண் பரிசுச்சீட்டுக் கடைக்கு ஓடுகிற ஊர் இது. அக்கா அந்த நான்கு எண்களை மனதில் போட்டுக்கொண்டு, அந்த வாரமே தானா ராத்தா நம்பர் கடையில் கட்டினார். விழுந்துவிட்டது. பெரிய பரிசு இல்லை. ஆனால் விழுந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நான் உங்களிடம் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தர வந்திருந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். மாரியாயி அக்கா குளித்து, பூ வைத்து, கையில் தாம்பாளத்தோடு முன்னால் நின்றார். தேங்காய், பழம், ஒரு பச்சைச் சேலை, கிண்ணத்தில் குழைத்த சந்தனம்.

"மிஸ்ஸி, கைய குடுங்க" என்றார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினீர்கள். கையில் வளையல் போடப் போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். அக்கா மூன்று பொத்தான்களையும் தானே கழற்றி, சட்டைக்கையை மேலே தள்ளி, எல்லாரும் பார்க்க அந்த எண்களின் மேல் சந்தனத்தைத் தடவிக் குங்குமம் வைத்தார். நான்கு எண்ணுக்கும் நான்கு பொட்டு. ஒரு பெண் குலவையிடத் தொடங்கினாள்.

நீங்கள் கையை இழுத்த வேகத்தில் தாம்பாளம் தரையில் விழுந்தது. தேங்காய் உருண்டு படியிறங்கிப் போனது. உங்கள் முகத்தை அதற்கு முன்போ பின்போ நான் அப்படிப் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நிமிர்ந்து, விறைத்து நின்றீர்கள்.

"என்னா மிஸ்ஸி, நா குடுத்தா வாங்கக்கூடாதா?" என்று கேட்டார் அக்கா. "கூலிக்காரி கைன்னா கசக்குதா?"

அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னீர்கள். "இது என்னவென்று இவர்களுக்குச் சொல்லுங்கள், டீச்சர். நான் சொல்வதை அப்படியே." பிறகு ஏழு வாக்கியங்கள். இன்று அவற்றை முழுதாக எழுதுகிறேன், அன்று எழுத்து மாறாமல் கேட்டவள் நான் ஒருத்திதான் என்பதால்.

நான் யூதப் பெண். எங்கள் ஊரில் பட்டியல் போட்டு, கல்யாணமாகாத பெண்களை முதலில் ரயிலில் ஏற்றினார்கள். செருப்புத் தொழிற்சாலையில் மூன்று மாத வேலை என்றார்கள். போலந்தில் ஒரு முகாமில் இறக்கி, தலையை மழித்து, கையில் இந்த எண்ணைக் குத்தினார்கள். அங்கே எங்களைச் சாகும்வரை வேலை வாங்கினார்கள். என் தங்கை அங்கே செத்தாள். இந்த எண்ணில் எந்த ராசியும் இல்லை.

பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அது ராசி நம்பர் இல்ல, சண்ட காலத்துல மிஸ்ஸிய ஜெயில்ல வெச்சிருந்தப்ப போட்டது."

அவ்வளவுதான். ஒரே வாக்கியம்.

ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும். படிக்காத ஜனங்கள், புரியாது, சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பட்டியல், ரயில், சில மாத வேலை, திரும்பி வராதவர்கள் என்று தமிழில் சொன்னால், இந்த நாட்டுத் தோட்டங்களில் அது ஒரே ஒரு கதையாகத்தான் கேட்கும். சயாம். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போன கதை. மாரியாயி அக்காவே இருபது வயதில் தன் முதல் புருசனோடு போய்த் தனியாகத் திரும்பியவர். போருக்குப் பிறகுதான் இந்த மலைக்கு வந்து இன்னொரு வாழ்க்கை தொடங்கினார்.

என் அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. அலுவலகத்தில் கணக்கெழுதும் உத்தியோகம். ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது அந்தத் தோட்டத்தில் யார் யார் போவது என்று பெயர் எழுதிக் கொடுத்தவர் அவர். எனக்கு அப்போது நான்கு வயது. வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு முறை மட்டும், எதற்கோ சண்டை வந்தபோது, அம்மா "நீங்க எழுதினது எழுதினதுதானே" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்பா எழுந்து வெளியே போனார். நான் வரலாறு படித்தேன், வரலாறு சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டியதில்லை.

ஜெயில் என்ற சொல் லயத்தில் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டே நாளில் தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள்.

"சும்மாவா புடிச்சிப் போடுவாங்க ஜெயில்ல?"

"கொல கேசா இருக்கும்லா. அந்த ஊர்ல நம்பர் குத்தித்தான் உள்ள விடுவாங்களாம்."

"அந்தக் கையிலதான என் மூணு புள்ளயும் பொறந்துச்சி!"

"அப்ப உன் புள்ளைங்க மூணும் சேட்ட பண்றதுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது."

சிரித்தார்கள். ஆனால் புதன்கிழமை தடுப்பூசிக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி காய்கறி லோரியில் ஏறித் தானா ராத்தா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாதி வழியில் வலி வந்து, நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மாரியாயி அக்கா வேறு காரணத்துக்காக வரவில்லை, அவமானம் அவருக்கு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குச் செய்தி போயிற்று. ஆள் வராத ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வருடக் கடைசியில் மூடிவிடலாம், மிஸ்ஸிக்கு மரியாதையாக ஒரு விருந்து வைத்து அனுப்பலாம் என்று அவர் பேசியதாக என் கணவர் சொன்னார்.

ஐந்தாவது சனிக்கிழமை நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். வழக்கம்போல உட்கார்ந்தீர்கள். தேநீரைத் தொடவில்லை.

"நான் ஏழு வாக்கியம் சொன்னேன், டீச்சர். நீங்கள் ஒன்றுதான் சொன்னீர்கள். எனக்குத் தமிழ் வராது, ஆனால் எண்ணத் தெரியும்."

நான் மழுப்பவில்லை. அந்த மட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை.

"உங்கள் அப்பாவை மறைக்க என் கையை எடுத்துக்கொண்டீர்கள்" என்றீர்கள்.

பிறகு மெல்லச் சொன்னீர்கள். "அங்கே அடித்து வேலை வாங்கினார்கள். வீடுகளை இடிக்க வேண்டும். கற்களைக் கையால் சுமக்க வேண்டும். எதற்கென்று தெரியாது. இங்கே நான் செய்வது நானே தேர்ந்தெடுத்த வேலை. இருபது வருடமாகக் காலையில் எழுந்திருப்பது இதற்காகத்தான். இதை என்னிடமிருந்து எடுத்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். மிரட்டவில்லை. சொல்கிறேன்."

எல்லாரிடமும் முழுக்கச் சொல்லிவிடுவோம் என்றேன். காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட எல்லாரும் வரிசையில் நிற்கும்போது சொன்னால் ஒருவரும் விடுபட மாட்டார்கள் என்றேன். நீங்கள் தலையசைத்து மறுத்தீர்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரிக்கும் உங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நேர்வழி பெரட்டுக் களத்தின் ஊடாகத்தான். நீங்கள் ஒரு நாள்கூட அந்த வழியில் நடந்ததில்லை. விடியலில் வரிசையாக நிற்கும் பெண்களை ஒருவன் எண்ணிக்கொண்டு போவதைப் பார்க்காமல் இருக்க, இருபது வருடமாகச் சரிவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

ஆகவே நடுப்பகல் நிறுவைக் கொட்டகை. பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, லோரி வரும்வரை பெண்கள் காலை நீட்டி உட்காரும் இடம். நாம் இருவரும் போனபோது பேச்சு நின்றது. மாரியாயி அக்கா தூணோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் சட்டைக்கையை நீங்களே சுருட்டினீர்கள். நான் பேசத் தொடங்கினேன். "அன்னிக்கி நா சொன்னது சரியில்ல. மிஸ்ஸி சொன்னத நா முழுசா சொல்லல. இன்னிக்கி அவங்க சொல்லச் சொல்ல அப்படியே சொல்றேன்."

"முழுசா சொல்லுங்க டீச்சர்" என்றது தூணோரக் குரல்.

நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவீர்கள், நான் சொல்வேன். யூதப் பெண் என்றதும் மாதா கோயிலுக்குப் போகிற ரோசம்மா எட்டிப் பார்த்தாள். "யூதருங்கன்னா, நம்ம ஏசுநாதர..."

"நீ சும்மா இரு ரோசு. அது ரெண்டாயிரம் வருசத்து பஞ்சாயத்து" என்றார் அக்கா.

நான் அதையும் உங்களுக்குச் சொன்னேன். முழுக்கச் சொல்வது என்றால் அதையும்தானே. அத்தனை வாரங்களில் முதல் தடவையாக நீங்கள் சிரித்தீர்கள். "அன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை என்று சொல்லுங்கள்." கொட்டகை சிரித்தது. அதற்குப் பிறகு கேட்பது அவர்களுக்கும் சொல்வது எனக்கும் கொஞ்சம் எளிதாயிற்று.

செருப்புத் தொழிற்சாலை, மூன்று மாதம் என்றபோது மாரியாயி அக்கா திரும்பி உட்கார்ந்தார். "எங்கள ஆறு மாசம்னாங்க. அரிசி குடுப்போம், துணி குடுப்போம்னாங்க." தலையை மழித்ததைச் சொன்னபோது பெண்கள் தங்கள் கொண்டையைத் தொட்டுக்கொண்டார்கள். காலையும் மாலையும் பனியில் மணிக்கணக்காக நிறுத்தி எண்ணியதைச் சொன்னீர்கள். கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காக இறந்தவர்களையும் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் தங்கை செத்த காலையில், நீங்களும் இன்னொரு பெண்ணும் அவளை இரண்டு பக்கமும் தாங்கி நின்றீர்கள். எண்ணிக்கொண்டு வந்தவன் அவளையும் ஓர் ஆளாக எண்ணிவிட்டுப் போனான்.

இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கங்காணி வந்து, "லோரி வந்திரிச்சி, ஏறுங்க ஏறுங்க" என்று கத்தினார். ஒருத்தியும் எழவில்லை. அவரும் ஓரத்தில் நின்றுவிட்டார்.

"செத்தவங்களயும் எண்ணினாங்களா?" என்று கேட்டார் மாரியாயி அக்கா.

"ஆமா."

"எங்கள உசுரோட இருந்தப்பகூட எண்ணல டீச்சர். பேதி கண்டவங்கள ஒரு கொட்டாயில தள்ளுனாங்க, அப்பறம் கொட்டாயோட கொளுத்துனாங்க. என் வீட்டுக்காரரு அதுல இருந்தாரா, காட்டுல செத்தாரா, யாரு கிட்டப் போயி கேக்கறது? மிஸ்ஸிக்கு ஒரு நம்பராச்சும் இருக்கு." பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். "தெரியாமப் போச்சி மிஸ்ஸி. நா சாமின்னு நெனச்சி பொட்டு வெச்சிட்டேன்."

நான் மொழிபெயர்த்தேன். நீங்கள் போய் அவர் பக்கத்தில், கொழுந்துச் சிதறல் கிடந்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். அத்தோடு முடிந்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்பதை நான் பெண்களின் முகங்களிலேயே பார்த்தேன். ஆனால் அக்கா இன்னொன்று கேட்டார்.

"உங்க ஊர்ல பேர எழுதிக் குடுத்தது யாரு மிஸ்ஸி?"

நான் அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு பதிலை எனக்காகச் சுருக்காமல் சொன்னீர்கள். "எங்கள் ஆட்களே. எங்கள் பெரியவர்களை உட்கார வைத்து எழுத வைத்தார்கள். சிலர் எழுத மறுத்தார்கள். சிலர் எழுதினார்கள்."

சொன்னேன்.

"எங்க தோட்டத்துல கிராணி எழுதினாரு" என்றார் அக்கா.

ஒரு வாக்கியம்தான். அதை நான் உங்களுக்கு மொழிபெயர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் முழுசா என்று நானே அல்லவா தொடங்கினேன். "எங்க அப்பாவும் கிராணி. பேராக்குல. அவரும் எழுதினவரு" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அப்பா இருக்காரா?"

"செத்துட்டாரு. நாலு வருசமாச்சு."

"எத்தன பேரு எழுதினாரு?"

"தெரியாது."

"எழுதுனவங்கள்ள யாரு யாரு திரும்பி வந்தா?"

"தெரியாதுக்கா."

"கேட்டிருக்கலாம்ல" என்றார். "படிச்ச புள்ள நீ. கேட்டிருக்கலாம்ல."

கூடையை எடுத்துக்கொண்டு லோரியை நோக்கி நடந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்தபடியே, அவர் கடைசியாகச் சொன்னது என்ன என்று கேட்டீர்கள். மொழிபெயர்த்தேன். எழுந்திருக்கக் கை நீட்டினீர்கள், நான் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அடுத்த புதன் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிறைந்திருந்தது. மாரியாயி அக்கா பேரனை உங்கள் மடியில் வைத்து, "நம்பர் வேணாம் மிஸ்ஸி, ஊசி மட்டும் போடுங்க" என்றாராம். துரை விருந்துப் பேச்சை விட்டுவிட்டார். நீங்கள் மேலும் ஒன்பது வருடம் வேலை செய்தீர்கள். உங்கள் தமிழில் ஒரு சொல் கூடியிருந்தது. வலியை மறைக்கும் பெண்களிடம், வெட்கப்பட்டு விழுங்கும் பெண்களிடம், கட்டிலோரம் உட்கார்ந்து, "முழுசா சொல்லும்மா" என்பீர்கள். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவதை நீங்கள் நிறுத்தவில்லை. ஆனால் என்னை மன்னித்ததாகச் சொன்னதும் இல்லை. நானும் கேட்கவில்லை. அப்பா விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினீர்கள், கடைசியாக ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது. "போய்க் கேட்டீர்களா?" என்றீர்கள். இன்னும் இல்லை என்றேன். "நான் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது" என்றீர்கள். சொன்னபடியே காத்திருக்கவில்லை.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில்தான் போனேன். அப்பாவின் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை போட்டிருக்கிறார்கள். பழைய ஆட்களில் சிலர் பக்கத்துக் கம்பத்தில், சிறு கிராமம் அது, பிள்ளைகளோடு இருக்கிறார்கள். முதல் வீட்டில், வரலாற்று ஆசிரியை, சயாமுக்குப் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன் என்றேன். மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்தார்கள், நிறையச் சொன்னார்கள். வெளியே வந்ததும் நான் செய்திருப்பது என்ன என்று புரிந்தது. மறுபடியும் சுருக்கிவிட்டேன். திரும்பிப் போய், நான் இன்ன கிராணியின் மகள் என்றேன். அதுவரை கதை சொன்ன கிழவர் எழுந்து உள்ளே போனார். மகன் வந்து, "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, நீங்க கெளம்புங்க" என்றான்.

அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் முதலில் நான் யாருடைய மகள் என்பதைச் சொல்கிறேன். பிறகுதான் வந்த காரியத்தை. விடுமுறை தோறும் போகிறேன். மூன்று வீடுகளில் கதவு சாத்தப்பட்டது. ஒரு வீட்டில் ஏசினார்கள். நியாயமான ஏச்சு, கேட்டுக்கொண்டு நின்றேன். என் கணவர், ஐம்பது வயதை எட்டும்போது எதற்கு இந்த அலைச்சல் என்கிறார். எனக்கும் இதனால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. திரும்பி வராதவர்கள் இதனால் திரும்பப் போவதில்லை. பயன் இருக்கும் என்று நம்பி நான் போகவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் கொட்டகையில் நின்றவள், அந்தக் கேள்வியோடு போகிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான் என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். "அது மாரியாயி கேட்டது" என்பீர்கள். சரிதான். ஆனால் கேட்க வைத்தது நீங்கள்.

போன மாதம் ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும், கண் மங்கிவிட்டது. நான் யாருடைய மகள் என்று சொன்னேன். கோழிகள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் போகவும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு, சயாமுக்குப் போய்த் திரும்பாத தன் அண்ணன் பெயரைச் சொன்னார். அவருடைய அப்பா பெயரைச் சொன்னார். அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது என்றார், பாட்டுப் பாடுவார் என்றார். என் பக்கம் முகத்தைத் திருப்பி, "நோட்டு கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"அப்ப எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.